பட்டியலில் இல்லாத வேலை

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது நல்லதாயிற்று, அம்மா. அங்கேதான் காற்று வரும். என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. வலது கையும் வலது காலும் வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. சிரிக்கலாம், சிரிப்பதற்காகச் சொன்னதுதான். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். வருகிறவர்கள்தான் குறைவு.

என் கையெழுத்துக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள். தொழிலாளர் தரப்பு ஒப்புக்கொள்ளாமல் பணித்தகுதிப் பட்டியலில் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது என்று, சான்றிதழ் கொடுக்கிற உங்கள் மன்றத்தில் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியைப் போடவைத்தது யாரென்று உங்கள் மேலதிகாரிகள் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான். ஆ. பொன்னுரங்கம், மருத்துவமனை வார்டு ஊழியர் சங்கம், நிறுவனத் தலைவர். இன்றைக்கும் தலைவர். வேறு யாரும் போட்டியிடவில்லை.

இடது கையால் கையெழுத்துப் போடப் பழகியிருக்கிறேன். ஆனால் போடுவதாக இன்னும் சொல்லவில்லை. முதலில் கேளுங்கள்.

இப்போது டீ கொண்டுவந்து வைத்தாளே, நீலக் கோட்டுப் போட்ட பெண், அவள் பெயர் அபிநயா. ஏஜென்சியிலிருந்து வருகிறாள். என் மகள் விடுதலைச்செல்வி கோயம்புத்தூரில் பேங்கில் இருக்கிறாள், அவள் செய்த ஏற்பாடு. அபிநயாவின் கோட்டில் பேட்ஜைப் பார்த்தீர்களா? 'சான்று பெற்ற பராமரிப்பு உதவியாளர்.' அவள் வந்த முதல் நாள், கிட்டே வரச் சொல்லி அதை வாய்விட்டுப் படித்தேன். அந்தப் பிள்ளை பயந்துவிட்டாள். கிழவனுக்கு மூளையிலும் அடைப்பு என்று நினைத்திருப்பாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த நாலு சொல்லுக்காக நான் எத்தனை வாசலில் வெயிலில் நின்றேன் என்று அந்தப் பேட்ஜில் அச்சடித்திருக்கிறதா?

என் அம்மா இந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் வார்டு ஆயா. அந்தக் காலத்தில் ஆயாவுக்குப் பெயர் கிடையாது. டாக்டருக்கும் ஆயா, நர்சுக்கும் ஆயா, நோயாளியைப் பார்க்க வந்த பொடியனுக்கும் ஏய் ஆயா. பள்ளிக்கூடத்தில் எனக்கும் பெயர் கிடையாது. சட்டிக்காரி மகன். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு இடுப்புக்குக் கீழே வைத்து எடுப்பார்களே, அந்தச் சட்டி. யார் யார் அந்த வேலைக்கு வந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து மட்டும் வந்தார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் படித்தவர். அதெல்லாம் படிப்பில் வருமோ வராதோ.

எட்டாம் வகுப்போடு நின்றேன். பிறகு நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைதான். கட்சி ஆபீசில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அச்சடித்த பக்கத்தைப் படித்தேன், வெற்றுப் பக்கத்தில் எழுதிப் பழகினேன். எனக்கு முன்னால் மைக்கைப் பிடித்த வக்கீல்களும் பேராசிரியர்களும் இன்றைக்கு எங்கே? அவரவர் பிள்ளைகளோடு அமெரிக்காவில். நான் இங்கே கிடக்கிறேன். கொள்கையோடு கிடக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வார்டு ஆயாக்களை எல்லாம் காண்ட்ராக்டில் விட்டார்கள் அல்லவா? காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் ஆளும் மாறும். நேற்றுவரை வார்டில் இருந்தவள் காலையில் வந்தால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டான். அப்போதுதான் சங்கத்தை ஆரம்பித்தேன். முதல் வாயிற்கூட்டத்துக்கு மழை. குடையைப் பிடித்துக்கொண்டு நான் பேச, கேட்க நின்றது ஒருத்தி. குருவம்மாள். எலும்பு முறிவு வார்டு. வாய் என்றால் அப்படி ஒரு வாய். நான் அரை மணி நேரம் பேசி முடித்ததும், "தலைவரே, குடைய என் பக்கம் சாய்ச்சிருக்கலாம்ல, ஒங்க கொள்கைய நனைஞ்சுக்கிட்டே கேட்டேன்" என்றாள். அவள்தான் அடுத்த கூட்டத்துக்கு வார்டு வார்டாகப் போய் ஆள் கூட்டிவந்தவள்.

என்ன கோரிக்கை வைக்கலாம் என்று பேச்சு வந்தது. எல்லோரும் சம்பளம் என்றார்கள். நான் சொன்னேன்: சம்பளம் இன்றைக்கு ஏறும், நாளைக்குப் பறிப்பான். சான்றிதழ் கேளுங்கள். அரசாங்கம் ஒப்புக்கொண்ட தகுதி ஒருத்திக்கு இருந்தால் அவளை நினைத்த நேரத்தில் வெளியே தள்ள முடியாது. அவள் ஆயா இல்லை, தகுதி பெற்ற ஊழியர். குருவம்மாள் எழுந்தாள். "பேப்பர் குடுத்தா கேட்டைத் திறப்பானா, தலைவரே?" "திறந்துதான் ஆகவேண்டும்." "அப்ப பேப்பரே கேளுங்க."

கேட்டோம். மறியல், தர்ணா, உண்ணாவிரதம், கைது, எல்லாம். கடைசியில் உங்கள் மன்றத்தில் ஒரு குழு போட்டார்கள். இந்த ஊழியர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எப்படிச் சோதிப்பது, யாருக்குச் சான்றிதழ், எல்லாம் அந்தக் குழு முடிவுசெய்யும். டாக்டர்கள், காண்ட்ராக்டர்களின் ஆட்கள், ஓய்வுபெற்ற நர்சிங் கண்காணிப்பாளர் ரெஜினாள் அம்மா. தொழிலாளர் தரப்பில் நான். நான் ஒருவன்தான்.

குளிர்பதன அறை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தட்டில் முந்திரி பிஸ்கட். நான் பிஸ்கட்டைத் தொடவில்லை. வேலைப் பட்டியலை ரெஜினாள் அம்மா எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாசித்தார். முதல் வரி என்ன தெரியுமா? படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு மலச்சட்டி வைத்து எடுத்தல், துடைத்துச் சுத்தம் செய்தல், நனைந்த விரிப்பை நோயாளியை எழுப்பாமல் மாற்றுதல், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தல்.

முதல் வரி, அம்மா! எங்கள் தகுதியின் முதல் வரி!

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது, அதை யாரும் தூக்கவில்லை. நாங்கள் கேட்டது தகுதி, என்றேன். பிறப்பால் எங்கள் தலையில் கட்டிய வேலையை நீங்கள் அரசாங்க முத்திரை குத்தி எங்களுக்கே திருப்பித் தருகிறீர்கள். தலைமுறை தலைமுறையாக மலம் எடுத்தவர்களுக்கு மலம் எடுப்பதில் சான்றிதழா? இந்த வரி இருந்தால் இந்த அறையில் நான் இல்லை. அப்படியே சொன்னேன். காண்ட்ராக்டர் ஆட்கள் குனிந்துகொண்டார்கள். ஒரு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரெஜினாள் அம்மா மட்டும் பேசினார். "பொன்னுரங்கம், நான் ஒங்களுக்கு எதிரி இல்ல. அவங்க தினமும் செய்யறது அதுதான். அத எடுத்துட்டா எதுல பாஸ் பண்ணுவாங்க?"

"கற்றுக்கொள்வார்கள்" என்றேன். "பி.பி. பார்க்க, சுகர் பார்க்க, ஜுரம் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள். எங்கள் பெண்களுக்கு மூளை இல்லையா?"

"மூளை இருக்கு. மிஷினைத் தொட யாரு விடுறா?"

நல்ல பெண்மணிதான், ஆனால் மேட்டிமை போகாதவர். நான் கதவை நோக்கி நடந்தேன். குழுத் தலைவர் பின்னாலேயே கூப்பிட்டார். சிவப்புப் பேனாவால் அந்த வரியை என் கண் முன்னால் அடித்தார். அந்தப் பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். என் அம்மா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.

திரும்பி வந்தபோது ரயிலடியில் மாலை போட்டார்கள். நானே துண்டறிக்கை எழுதினேன்: 'இனி நாங்கள் சட்டி ஏந்துவோர் அல்லர்!' தலைப்பைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். குருவம்மாள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு அந்த ஏழாம் பெட்டுக் கிழவருக்கு யாரு எடுப்பா?" என்றாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற கட்டிலைத் தாண்டி எதையும் பார்க்கமாட்டாள். அரசியல் பார்வை என்பது வேறு. எல்லோருக்கும் வராது.

பரீட்சை வந்தது. பழைய ஆட்களுக்குச் சலுகை வாங்கியிருந்தேன், பயிற்சிக்குப் போகாமல் அனுபவத்தை வைத்து நேராகப் பரீட்சை எழுதலாம். செய்முறைதான் முக்கியம். தேறாதவர்கள் காண்ட்ராக்டில் தொடரக் கூடாது என்று ஒரு உத்தரவும் கூடவே வந்தது. அது எங்கள் கோரிக்கையில் இல்லை. பின்வாசல் வழியாக நுழைத்துவிட்டார்கள். சூழ்ச்சி.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு கட்டில். கட்டிலில் ஒரு பொம்மை, ஆள் உயரம், வெள்ளைக்காரத் தலைமுடி. பக்கத்து மேசையில் பி.பி. மிஷின், சுகர் மிஷின், வாய்க்குள் வைக்கிற தெர்மாமீட்டர், கை கழுவும் படிநிலைகளைச் சொல்ல ஒரு படம். தேர்வாளர் ஒரு இளைஞர், வெளியூர். சங்கத் தலைவர் என்ற முறையில் நான் ஓரமாக உட்கார அனுமதி.

குருவம்மாள் வந்தாள். புதுப் புடவை. தலையில் பூ. தேர்வாளர், "நோயாளியைப் பாருங்க, ஆரம்பிங்க" என்றார். அவள் மிஷின் பக்கமே போகவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாள். விரிப்புக்கு அடியில் கையை விட்டாள். நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறாள்! பொம்மையை! பிறகு ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, ஒரே புரட்டில் அதை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைப் பார்த்தாள். "மல்லாக்கவே கெடக்கானே, எத்தன நாளா கெடக்கான்? இவனுக்குப் புண்ணு வராதா?" என்று தேர்வாளரையே கேட்டாள்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எதை அடித்துத் தள்ள நான் மெட்ராஸ் போய் நாற்காலியைக் கவிழ்த்தேனோ, அதையே எல்லோர் முன்னாலும் செய்துகாட்டுகிறாள். நான் மெதுவாகச் சொன்னேன், "குருவம்மா, அதை விடு. மிஷினைப் பிடி."

தேர்வாளர் நல்ல பையன். "அம்மா, நீங்க செஞ்சது சரியாத்தான் இருக்கு. ஆனா எங்க பட்டியல்ல இல்ல, மார்க் போட எடமில்ல" என்றார். பி.பி. பட்டையை அவள் பொம்மையின் கையில் கட்டவே இல்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வார்டில் அதைத் தொட்டால் நர்சுகள் கையில் அடிப்பார்களாம். "இதத் தொடக் கூடாதுன்னு சொல்லியே என்னை வளத்தாங்க, சார்" என்று சொல்லிவிட்டு மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு, பொம்மைக்குப் போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே போனாள்.

பெரும்பாலும் எல்லோருமே தேறாமல் போய்விட்டார்கள். இளம் பெண்கள் நாலைந்து பேர் தேறினார்கள். நான் உண்ணாவிரதம் அறிவித்தேன். பந்தலில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வாடகை நாற்காலிக்காரன் வந்து மிச்ச நாற்காலிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

அந்த வேலை எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? எங்கும் போகவில்லை. படுத்துக் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? சான்றிதழோடு நீலக் கோட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய புத்தகத்தில் அது இல்லை. அதனால் தினக்கூலிக்குத் தனியாக ஆள் எடுத்தார்கள். துப்புரவு உதவி. வார்டு ஊழியர் பட்டியலில் அவர்கள் கிடையாது, பின்கேட் வழியாக வர வேண்டும், சாப்பிட இடம் கிடையாது. யார் வந்தார்கள்? குருவம்மாளும் அவள் கூட்டமும்தான். முன்பு வார்டு ஆயாவாவது இருந்தார்கள். இப்போது அதற்கும் கீழே. பாருங்கள், ஆளும் வர்க்கம் எப்படித் திட்டம் போட்டு வேலை செய்கிறது! அந்த வரியை அடித்தால் கூடப் பழிவாங்குகிறது!

என்ன சொல்கிறீர்கள்? இல்லை, இல்லை. அடித்தது தவறென்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். சொல்லாதீர்கள். நீங்கள் என் வீட்டு விருந்தாளி.

பக்கவாதம் வந்து நான் குளியலறையில் விழுந்த பிறகு, அபிநயா வந்த முதல் நாளே என்னிடம் சொன்னாள். பாவம், பயந்து பயந்துதான் சொன்னாள். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. மலஜலம் எடுக்கிறது எங்க வேலையில வராது. பேம்பர்ஸ் மாத்துறதும் வராது. எங்களுக்குச் சொல்லியும் தரல." என் மகள் போனில் கத்தினாள், ஏஜென்சியிடம் சண்டை போட்டாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நெஞ்சு நிமிர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு தொழிலாளிப் பெண், என் வீட்டில், என் முகத்துக்கு நேராக, அது என் வேலை இல்லை என்று சொல்கிறாள்! என் அம்மா ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பாளா? அன்றைக்கு நான் நனைந்துதான் கிடந்தேன். இருந்தாலும் நிமிர்ந்தது.

குருவம்மாள் எப்படியோ கேள்விப்பட்டு வந்தாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை வருவாள். மகள் ஏதோ கொடுக்கிறாள், எனக்குத் தெரியாது. வந்ததும் ஆரம்பித்துவிடுவாள். "தூக்குங்க தலைவரே இடுப்ப. இன்னுங் கொஞ்சம். மேடையில மட்டும் அந்தக் குதி குதிச்சீங்க." நான் கண்ணை மூடிக்கொள்வேன். "என்ன மூடிக்கிட்டீங்க? சட்டி ஏந்துவோர் அல்லர்னு எழுதினீங்கள்ல? இப்ப இது என்னா, பூக்கூடையா?"

"இது வேறு, குருவம்மா. இது தோழமை" என்றேன் ஒரு நாள்.

"ஓகோ. தோழமைக்கு நாத்தம் கெடையாதோ?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவள் எல்லோரையும் சிரிக்கவைப்பாள். அபிநயாகூடக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பாள். நான்தான் சிரிப்பதில்லை.

நீங்கள் வருவது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. போன வாரம் என்னைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா வராங்களாம். அந்த வரியத் திருப்பிப் போடப் போறாங்களாம். மறுபடி பரீட்சை வைப்பாங்களாம். ஒங்க கையெழுத்து மட்டும் பாக்கியாம். அந்த வரி இருந்தா நான் பாஸாயிருவேன், தலைவரே. நாங்க எல்லாருமே பாஸாயிருவோம். முன்கேட் வழியாப் போவோம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாயத் தொறங்களேன். ஊருக்கெல்லாம் தொறந்த வாய்தான?"

"அதை நம் தகுதி என்று நானே எழுதிக்கொடுக்க முடியாது, குருவம்மா. எது வேண்டுமானாலும் கேள்."

அவள் ஈரத் துணியை வாளியில் போட்டாள். போர்வையை இழுத்து என்னை மூடினாள். பிறகு சொன்னாள், "சரி. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் வரமாட்டேன். இது வேலைநிறுத்தம். முறையா முன்கூட்டியே சொல்லிட்டேன், பாத்துக்கோங்க. அந்த அம்மா வர்ற அன்னியிலேருந்து நிறுத்தம்."

முன்னறிவிப்பு! யார் சொல்லிக்கொடுத்தது? அறிவிக்காமல் நிறுத்தினால் அது சட்டவிரோதம், எதிரிக்கு ஆயுதம் கொடுத்தாற்போல என்று அந்த மழைக் காலத்திலிருந்து நான் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. என்னிடம் படித்தவர்களில் அவள் ஒருத்திதான் உருப்படி.

இன்றைக்கு வரவில்லை. காலையிலிருந்து.

ஆமாம். அதுதான். நீங்கள் ஜன்னல் பக்கம் போனபோதே எனக்குத் தெரியும். கைக்குட்டையை மூக்கில் வைக்காமல் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்களே, நல்ல வளர்ப்பு. ஒரு பெண்பிள்ளை முன்னால் இப்படிக் கிடப்பது எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். குருவம்மாளும் பெண்பிள்ளைதானே என்கிறீர்களா? அது... அது வேறு, அம்மா. அவளிடம் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

எதிரே டீக்கடை பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, கவனித்தீர்களா? ஊதாப் புடவை, அபிநயா பார்த்துச் சொன்னாள். அவள்தான். இன்றைக்குக் கூலிக்குக்கூடப் போகவில்லை. வாசலில் மறியல். என் வாசலில்!

காகிதத்தை உள்ளே வையுங்கள். இன்னொரு தடவை காட்டாதீர்கள். நீங்கள் சொன்னது எல்லாம் புரிந்தது. அந்த வரி இல்லாவிட்டால் இந்தப் பெண்களுக்குப் பரீட்சையில் மார்க் போட இடமில்லை. மார்க் இல்லாவிட்டால் முன்கேட் இல்லை. இப்போது விட்டால் மறுபடி எப்போது திருத்தம் வருமென்று தெரியாது, அதற்குள் அவர்களுக்கு வயது தாண்டிவிடும். எல்லாம் புரிந்தது. நான் மடையன் இல்லை.

இருந்தாலும் அந்த வரியை எழுதாதீர்கள். இந்த வாழ்க்கையில் நான் ஜெயித்தது ஒன்றே ஒன்று. சங்கம் போயிற்று. பந்தல் போயிற்று. காலும் கையும் போயிற்று. அந்த ஒரு வரியை அவர்கள் கையாலேயே அடிக்கவைத்தேன். அதை இதே கையால், மிச்சமிருக்கிற இந்த ஒரு கையால், நான் திருப்பி எழுதுவதா? சட்டிக்காரி மகன் கடைசியில் சட்டிக்கே கையெழுத்துப் போட்டான் என்று நாளைக்குச் சொல்லமாட்டார்களா? யார் சொல்வார்கள் என்று கேட்காதீர்கள். சொல்வார்கள்.

குறித்துக்கொள்ளுங்கள்: தொழிலாளர் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை.

போகும்போது டீக்கடையில் அவள் எழுந்து வந்து கேட்பாள். அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கத்தமாட்டாள், பயப்பட வேண்டாம். திரும்பிப் போய்விடுவாள். பேச்சுவார்த்தை முறிந்த பிறகு வாசலில் நின்று கெஞ்சக் கூடாது என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் சொன்னால் சொன்னதுதான். இனி வரமாட்டாள்.

அபிநயா! இங்கே வாம்மா. இந்த அம்மா கிளம்புகிறார்கள், டம்ளரை எடுத்துக்கொள். போகுமுன் அவர்களும் பார்க்கட்டும், பிரஷரைப் பார்த்துவிடு. இடது கையில் கட்டு. போர்வையை விலக்காதே, கையை மட்டும் வெளியே எடுத்தால் போதும்... பார்த்தீர்களா அம்மா, எவ்வளவு நேர்த்தியாகக் கட்டுகிறாள்? எங்கள் பெண்களைத் தொட விடாத மிஷின் அது.

எவ்வளவு, அபிநயா?

கேட்டீர்களா? நார்மலாக இருக்கிறதாம்.